விசிறி அடங்காத நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களாக என் மேக் மடிக்கணினியின் விசிறி ஓயவே இல்லை. ஒரே ஒரு பியானோ டிராக்கை ஓட விட்டாலும் ஒலி படபடவென்று வெடித்து, விட்டுவிட்டு வரும். ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128-லிருந்து 1024 வரை ஏற்றிப் பார்த்தேன். பயனில்லை. கணினிக்கு வயதாகிவிட்டது என்றே நம்பினேன்.

எது இப்படிச் சக்தியைத் தின்கிறது என்று பார்க்க, ஓடும் நிரல்களைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால், சற்று நேரத்தில் விசிறி அடங்கிவிடும். மூடினால் மீண்டும் இரையும். ஓர் இரவு ஐந்தாறு முறை திறந்து மூடிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

தேடியதில் 2019 ஜூனில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. அந்தத் தீநிரலின் பெயர் லவுட்மைனர். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்துப் பரப்பும் இசை மென்பொருள்களோடும், அவற்றில் கூடுதலாகச் செருகும் விஎஸ்டி பிளகின்களோடும் சேர்ந்து உள்ளே வருகிறது. கணினிக்குள் சின்னதாக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை நிறுவி மொனேரோ என்னும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறது. ஆக்டிவிட்டி மானிட்டர் திறந்திருந்தால் தோண்டுவதை நிறுத்திக்கொள்கிறது! அவர்கள் கண்ட 137 மென்பொருள்களில் 95 மேக்கிற்கானவை. இசை செய்பவர்களின் கணினி வலுவானது, அது சூடானாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதுதான் கணக்கு. நானும் சந்தேகப்படவில்லையே. மெய்நிகர் கணினியை இயக்கும் கியூஎமு என்ற மென்பொருள், நான் ஒருபோதும் நிறுவாதது, என் கணினியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

நானும் கிராக் செய்த சின்தசைசர்களை, அதாவது ஒலிகளை உருவாக்கும் பிளகின்களை, நிறுவியவன்தான். நிறுவும்போது எச்சரிக்கை வந்தது, தள்ளிவிட்டேன். நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்டது, தட்டினேன். இன்றும் உறுத்துவது அந்த ஒரு நொடிதான். 2020-ல் ஏபிள்டன் லைவ், மிக்ஸ்ட் இன் கீ ஆகிய இசை மென்பொருள்களின் கிராக் செய்த நிறுவிகளில் ஒளிந்து வந்த திஃப்குவெஸ்ட் என்ற தீநிரல், கோப்புகளையே பூட்டிவிட்டு 50 டாலர் கேட்டது. அதுவும் இதே வழியில்தான் நுழைந்தது.

வட்டை முழுவதும் அழித்தேன். கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு கணினியிலிருந்து மாற்றினேன். பிறகுதான் பெரிய அடி. பழைய ப்ராஜெக்டுகளைத் திறந்தால், அந்த சின்தசைசர்கள் இருந்த இடமெல்லாம் வெறுமை. ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருந்த இரண்டு பாடல்கள் மட்டுமே முழுதாகத் தப்பின.

இப்போது 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கத் தரும் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன். சின்தசைசருக்கு இலவசமாகக் கிடைக்கும் வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி. எந்தச் சுரம் எப்போது என்று பதிந்த மிடி குறிப்புகள் மிஞ்சியிருப்பதால், ஒவ்வொரு பாடலாக எடுத்து அந்த ஒலிகளைக் காது நினைவிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று மூன்றாவது பாடலின் பேஸ் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.