சின்னவனுக்கு எந்தக் கிளாரினெட் புத்தகம்?

வெள்ளவத்தைச் சித்தி: அண்ணா, சின்னவன் கிளாரினெட் பழகும் பயிற்சிப் புத்தகங்களுக்கு ஒரு நீளப் பட்டியல் தந்திருக்கிறான், எல்லாம் எழுதினவர்கள் பெயரில். குளோசே, பேர்மன், ரோஸ், இன்னும் என்னவோ. எல்லாம் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டுமாம். அனுப்பும் கூலியோடு கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை எடுக்க?

கொட்டாஞ்சேனை மாமா: பொறு தங்கச்சி. தம்பி, உனக்கு எந்த இடம் தடக்குது?

சின்னவன்: நடு ஏ சுரத்தில் இருந்து அதுக்கு மேலே இருக்கிற பி சுரத்துக்குப் போகும்போது மாமா. கீச்சென்று கத்துது.

கொட்டாஞ்சேனை மாமா: கிளாரினெட் பழகுகிற எல்லோரும் தடக்குகிற இடம் அது. ஏ-க்கு இடக்கை ஆள்காட்டி விரல் மட்டும் போதும். பி-க்கு எல்லா ஓட்டையும் ஒரேயடியாக மூட வேண்டும், மேல் சுரத்துக்குத் தாவ வைக்கிற ரெஜிஸ்டர் கீயும் அழுத்த வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் பிந்தினால் கீச்சுத்தான். ஏ ஊதும்போதே வலக்கை விரல்களை மூடி வைத்துப் பார். பாதி வேலை முன்னமே முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை மாமா: இதற்குக் குளோசே எடு. 1843இல் வந்த புத்தகம். நீ பிடிக்கிற, போம் முறை என்ற விசை அமைப்புள்ள கிளாரினெட்டை, கருவி செய்கிற பஃபேயோடு சேர்ந்து உருவாக்கியவரே அவர்தான். எந்த விரல் எங்கே சிக்கும் என்று தெரிந்த கை எழுதியது.

பெரியக்கா: அப்போ பேர்மன், ரோஸ் இரண்டும் வேண்டாமா மாமா?

கொட்டாஞ்சேனை மாமா: பேர்மனில் மூன்றாம் பாகம் மட்டும். எல்லா மேஜர், மைனரிலும் ஸ்கேல், அதாவது சுர வரிசை, அதில் இருக்கிறது. தினமும் ஒரு பக்கம், தாளம் தட்டுகிற மெட்ரோனோமை மெதுவாக வைத்து. ரோஸின் 32 எடியூட், அதாவது பயிற்சிப் பாடல்கள், கொஞ்சம் பிறகு. ஃபெர்லிங் என்பவர் ஓபோ என்ற இன்னொரு குழலுக்கு எழுதியதைத்தான் ரோஸ் கிளாரினெட்டுக்கு மாற்றினார். ஒன்று மெது, அடுத்தது வேகம் என்று மாறி மாறி வரும். பிள்ளைகள் வேகமானதற்கே ஓடுவார்கள். எனக்கு அந்த மெதுவானவைதான் பொன். மூச்சு ஆடினால் அதிலே ஒளிக்க இடமில்லை.

வெள்ளவத்தைச் சித்தி: சரி அண்ணா, அப்போ இரண்டு புத்தகம். காசு?

கொட்டாஞ்சேனை மாமா: காசே வேண்டாம். மூன்று பேரும் 19ஆம் நூற்றாண்டு ஆட்கள், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பழைய இசைப் புத்தகங்கள் இருக்கிற ஐஎம்எஸ்எல்பி இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம். காலி வீதியில் எந்தக் கடையிலும் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுத் தருவார்கள். ஏ4-ஐ விடச் சின்னதாக்க விடாதே, நோட்ஸ் எறும்பு மாதிரி ஆகிவிடும்.

பெரியக்கா: ஃபைலை நான் இறக்கி இங்கேயே போடுகிறேன் சித்தி.

கொட்டாஞ்சேனை மாமா: தம்பி, ஊதுவாயில் கட்டுகிற அந்த நாணல் தகடு, ரீட், எப்படி இருக்கிறது? ஒரு படம் போடு.

சின்னவன்: 📷

கொட்டாஞ்சேனை மாமா: நுனி உடைந்திருக்கிறதே! இதை வைத்து ஊதினால் குளோசேயே வந்து படிப்பித்தாலும் கீச்சுத்தான் வரும். தங்கச்சி, அந்தப் புத்தகக் காசில் முதலில் ஒரு பெட்டி ரீட் வாங்கு. கடினம் இரண்டாம் நம்பர்.

வெள்ளவத்தைச் சித்தி: ஓம் அண்ணா, நாளைக்கே வாங்குகிறேன். சனி பின்னேரம் அவனை அங்கே அனுப்பவா?

கொட்டாஞ்சேனை மாமா: அனுப்பு. குளோசே பிரின்டோடு வரட்டும்.