அம்மா பாசி எடுக்கிறார் என்று சொல்ல ஏன் இவ்வளவு பயம்?

பாம்பன்பிள்ளை:
எனக்கு 31 வயது. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அம்மா சின்ன வயதிலிருந்தே கடலில் பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வல்லத்தில் (நாட்டுப் படகில்) தீவுப் பக்கம் போவார். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பறிப்பார். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழித்துவிடும். என் பி.எட். கட்டணம் அந்தக் காசுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர் அறையில் "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டார்கள். "வீட்டில்தான் இருக்காங்க" என்றேன். ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற யாரையும் வீட்டுக்கு அழைப்பதில்லை. யார் விடைத்தாள் கட்டை நீட்டினாலும் வாங்கித் திருத்துகிறேன், மறுத்தால் பிடிக்காமல் போய்விடுமோ என்று. புதுச் சேலை கட்டிய அன்று யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பஸ்ஸில் பாம்பன் வரும்வரை அதே நினைப்பு.

போன மாதம் ஒரு பையன் "டீச்சர், அகர் அகர் எதிலிருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டான். "கடற்பாசி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன். அன்று இரவு அம்மா விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

தங்கச்சிமடம் அக்கா:
தங்கச்சி, நானும் பாசிக்குப் போகிறவள்தான். நான் சொல்லச் சொல்ல என் மகன் இதை டைப் அடிக்கிறான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, பரம்பரையாகச் செய்த வேலைக்கே நாங்கள் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. அப்புறம் பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி, மாதம் 12 நாள் மட்டும் போவது என்று எங்களுக்கு நாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். எங்களைப் போலவே பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு என் சொந்தக்காரர்களே எங்கள் வேலையைப் பற்றி வேறு குரலில் பேசினார்கள். பரிசுக்கு முந்தின நாளும் நாங்கள் இதே போலத்தான் முங்கினோம்.

ஒன்று சொல்கிறேன். நீ பள்ளியில் சொல்லவில்லை என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாமல் இருக்காது.

மதுரை வாத்தியார்:
கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். நல்ல பெயர் வேண்டும் என்று நினைப்பது நோய் இல்லை டீச்சர், கூடி வாழ்கிறவர்களின் இயல்பு. 1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு இன்னொரு கோட்டின் அளவுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு ஒத்துப்போனது. கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோட்டில்கூட! ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் ஆசிரியர் அறை முழுவதையும் நினைக்காதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். அடுத்த விடைத்தாள் கட்டை மறுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கீழக்கரையான்:
சவூதியில் நான் பார்த்தது சமையல் வேலை. ஊரில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெயருக்காகக் கடன் வாங்கி ஒரு கல்யாணத்தில் பெரிய மொய் எழுதினேன். அடைக்க இரண்டு வருடம் ஆனது. அதனால் உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு எல்லாரிடமும் அறிவித்துவிடாதீர்கள். "எவ்வளவு தைரியம்" என்று அவர்கள் பாராட்டுவார்களா என்று பிறகு அதற்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கேட்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காதவரிடம் சும்மா இருங்கள்.

பாம்பன்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது சரிதான். அம்மாவிடம் பேசினேன். "தெரியும்டி. சங்கடமா இருந்தா சொல்லாத" என்றார். ரொம்ப நேரம் அழுதேன்.

என்னோடு பஸ்ஸில் வரும் தமிழ் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். "அப்படியா? எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. விடைத்தாள் கட்டு ஒன்றையும் மறுத்தேன். கொடுக்க வந்தவர் இரண்டு நாள் பேசவில்லை. வயிறு கலங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் போய் வாங்கிக்கொள்ளவில்லை.

வகுப்பில் காட்டக் கொஞ்சம் காய்ந்த மரிக்கொழுந்து வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து மணலையும் சிப்பித் துண்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார். "இப்படியே போதும்மா" என்றால் கேட்கவில்லை. நாளை மூன்றாவது பீரியட்.