பிடித்த பண்பாட்டைத் தேடி ஜப்பானுக்கு வேலைக்குச் செல்வது சரியா?

தூரிகை:
ஜப்பானிய மட்பாண்டக் கலையின் மீதுள்ள ஈடுபாட்டினால்தான் நான் அந்நாட்டு மொழியைக் கற்கத் தொடங்கினேன், ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 என்ற நடுத்தர நிலை வரை தேறியிருக்கிறேன். இப்போது டோக்கியோவிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் வேலை தர முன்வந்திருக்கிறது. பண்பாடு பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு நாட்டில் குடியேறுவது பேதைமை என்று நெருங்கியவர்கள் சிலர் சொல்கிறார்கள். சம்பளத்துக்காக மட்டும் செல்பவரைவிட விருப்பத்தோடு செல்பவரே அங்கு நிலைத்திருப்பார் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

நாழிகை:
மறுக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கப்போவது 'பொறியியல், மனிதவியல், பன்னாட்டுச் சேவை' என்ற வசிப்புத் தகுதி, அதாவது அந்த வகை வேலைக்கான விசா. அதை வழங்கும் குடிவரவுத் துறை உங்கள் பட்டத்தையும் பணி ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் பார்க்குமே தவிர, சக்கரத்தில் மண் வனையும் ஆசையைப் பார்க்காது. ஓர் ஆசானிடம் இருந்து மரபுக் கலையைக் கற்பதற்கென்று 'பண்பாட்டுச் செயல்பாடுகள்' என்ற வேறொரு தகுதி இருக்கிறது. ஆனால் அதில் வருபவர் தனி அனுமதி பெறாமல் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. அதாவது, கற்க வருபவருக்குச் சம்பாதிக்க வழியில்லை. சம்பாதிக்க வருபவர் என்ன கற்க விரும்புகிறார் என்று எவரும் கேட்பதில்லை. நீங்கள் விரும்பும் ஜப்பான் வேறு, நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கப்போகும் ஜப்பான் வேறு. வேலை பிடிக்காமல் விட்டுவிட்டால் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கரிசல்:
நாழிகை அவர்களே, வேலையும் விருப்பமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று நீங்களாகவே ஒரு விதியை வகுத்துக்கொள்கிறீர்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச் 1909இல் ஜப்பானுக்குச் சென்றபோது அவர் நம்பியிருந்த பிழைப்பு, உலோகத் தகட்டில் செதுக்கிப் படம் அச்சிடும் கலையைக் கற்பிப்பது. 1911இல் ஒரு நண்பர்கள் கூட்டத்தில் 'ராகு' என்ற ஜப்பானிய வகை மட்பாண்டங்கள் சுடப்படுவதைக் கண்ட பிறகே அவர் மண்ணின் பக்கம் திரும்பி, கென்சான் என்ற குயவர் மரபில் ஆறாமவராக வந்த முதிய ஆசானிடம் மாணவராகச் சேர்ந்தார். 1920இல் ஜப்பானிய மட்பாண்டக் கலைஞர் ஹமதா ஷோஜியுடன் இங்கிலாந்துக்குத் திரும்பி செயின்ட் ஐவ்ஸில் சூளை அமைத்தார். அந்தச் சூளையின் செல்வாக்கு இன்றுவரை பேசப்படுகிறது. சோறு போட்டது ஒரு தொழில், ஆளை மாற்றியது இன்னொன்று. அவர் அங்கே இருந்ததால்தான் இரண்டாவது நடந்தது.

நாழிகை:
லீச்சின் காலத்தில் வசிப்புத் தகுதிப் பட்டியலும் இல்லை, மாதக் கடைசியில் மென்பொருளை ஒப்படைக்கும் நெருக்கடியும் இல்லை. உதாரணம் காட்டுவதென்றால் நானும் ஒருவரைக் காட்டுகிறேன். எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1890இல் ஜப்பானுக்குச் சென்றார். மட்சுவே நகரில் ஆசிரியராக இருந்த ஓராண்டு சொச்சம் அவருக்குச் சொர்க்கம். அடுத்து வேலைக்காகச் சென்ற குமமோட்டோ அவருக்குப் பிடிக்கவே இல்லை. தாம் நேசித்த பழைய ஜப்பான் அங்கே தொலைந்துகொண்டிருப்பதாக வருந்தினார். 1896இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் குடியுரிமையே பெற்றவர். இருந்தும் டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகம் 1903இல் அவர் பணியை முடித்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நட்சுமே சொசேகியை அமர்த்தியது. நேசித்தார் என்பதற்காக யாரும் அவரைத் தக்கவைக்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2018இல் நிறைவேறிய சட்டத்தின் மூலமே கூடுதல் பணிநேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று தண்டனையோடு கூடிய வரம்பு வந்தது; தனிச் சூழ்நிலைகளில் ஆண்டுக்கு 720 மணி வரை அதிலும் விலக்கு உண்டு. அந்த விலக்கின்படி வேலை வாங்கும் நிறுவனத்தில் சேர்ந்தால் சக்கரத்தின் முன் எப்போது உட்காருவீர்கள்?

கரிசல்:
ஹெர்னின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பணி போன பிறகும் அவர் ஜப்பானை விட்டுப் போகவில்லை. மனைவி செட்சு எளிய ஜப்பானியத்தில் சொன்ன கதைகளைக் கொண்டு அவர் எழுதிய பேய்க்கதைத் தொகுப்பு வெளிவந்தது 1904இல். வேலை தந்தவர்கள் கைவிட்டாலும் நாடு கைவிடவில்லை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

வழிப்போக்கன்:
டோக்கியோவில் வேலை செய்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். வேலையை விட்டால் வெளியேற வேண்டும் என்று நாழிகை எழுதியது இந்தத் தகுதிக்குப் பொருந்தாது. தகுதிக்கு உட்பட்ட அதே வகை வேலையென்றால் நிறுவனம் மாறலாம். மாறிய 14 நாள்களுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி 3 மாதங்களுக்கு மேல் அந்தப் பணியில் ஈடுபடாமல் இருந்தால்தான் தகுதியை ரத்துசெய்ய இடமுண்டு. நிறுவனம் மாற முடியாமல் தவித்தவர்கள் பெரும்பாலும் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்தில் வந்தவர்கள். அவர்களுடைய துயரம் உண்மையானது. அதை மென்பொருள் பொறியாளரின் மீது ஏற்றிச் சொல்வது முறையல்ல.

அதே நேரத்தில் கரிசலின் உற்சாகமும் எனக்கு ஒப்புதல் இல்லை. புதிதாக வருபவரைச் சோர்வடையச் செய்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. வீடு எடுக்க உத்தரவாதம் தருபவரையோ உத்தரவாத நிறுவனத்தையோ கேட்பார்கள். வெளிநாட்டவருக்குத் தருவதில்லை என்று சில உரிமையாளர்கள் தயங்காமல் சொல்வார்கள். முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது கணக்கிடப்படும் உள்ளூர்க் குடியிருப்பு வரி முதலாண்டில் இருக்காது. பிறகு அது பிடிக்கப்படத் தொடங்கும்போது கையில் வரும் தொகை திடீரெனக் குறையும். இவற்றைச் சமாளிக்க என்3 போதாது என்பது என் அனுபவம்.

மட்பாண்டத்துக்கு வழி இருக்கிறது. ஹமதா குடியேறி வாழ்ந்த மஷிகோ என்ற மட்பாண்ட ஊர் டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. விடுமுறை நாளில் போய் வனையக் கற்கலாம்.

நாழிகை:
நிறுவனம் மாறுவது பற்றிய விவரத்துக்கு நன்றி. ஆனால் விடுமுறை நாள் ஆர்வத்துக்காக வாழ்க்கையையே பெயர்த்துச் செல்வானேன்? அதற்கு ஆண்டுதோறும் ஒரு பயணம் போதுமே.

தூரிகை:
பயணியாகச் சென்றால் விற்பனைக்கு வைத்த பாண்டத்தைத்தான் பார்க்க முடியும். ஒரே ஆசானிடம் பருவம் தவறாமல் போய் நிற்க முடியாது. நான் கேட்பது அந்த வாய்ப்பைத்தான். வழிப்போக்கன் அவர்களே, எனக்கு வந்த பணி முன்மொழிவில் மாதம் 40 மணி நேரக் கூடுதல் பணிக்கான தொகை சம்பளத்துக்குள்ளேயே அடங்கும் என்று எழுதியிருக்கிறது. இது வழக்கம்தானா?

வழிப்போக்கன்:
வழக்கம்தான். ஆனால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அந்த 40 மணிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 40 மணியைத் தாண்டினால் தனியாகத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். உண்மையில் மாதந்தோறும் எத்தனை மணி ஆகிறது என்று அதே குழுவில் இருப்பவரிடம் கேளுங்கள். இன்னொன்று: பணியிடம் எந்தெந்த ஊர்களுக்கு மாற்றப்படலாம் என்பதை ஒப்பந்தத்தின்போதே எழுத்தில் தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்தப் பகுதியை முதலில் படியுங்கள். தொலைவில் தென்மேற்கே உள்ள ஃபுக்குவோக்காவுக்கு மாற்றிவிட்டால் மஷிகோவில் எந்த ஆசானிடமும் வாரந்தோறும் போய் நிற்க முடியாது.