எந்தப் புத்தகத்தை எங்கே வாங்குவது?

தமிழ்ப் புத்தகங்களை எங்கே வாங்கலாம் என்ற கேள்விக்கு, தள்ளுபடி எங்கே அதிகம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். என் கணக்கு கொஞ்சம் வேறு. புத்தகத்துக்கென்று மாதாமாதம் ஒரு தொகை எடுத்து வைக்கிறேன், அதைத் தாண்டுவதில்லை. அதில் பெரும்பங்கு இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகங்களுக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதனால் மற்றதையெல்லாம் முடிந்தவரை மலிவாகவோ இலவசமாகவோ பார்த்துக்கொள்கிறேன்.

பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசு பொதுச்சொத்தாக்கியவை. அவற்றை மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றிய நூல்கள். சங்க இலக்கியமும் அங்கே உண்டு. பழைய பதிப்பைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஸ்கேன் செய்த பக்கங்களை போனில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான், கணினியில் பரவாயில்லை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலுக்கென்றே 6 இன்ச் பிடிஎஃப் தருகிறார்கள், எழுத்து அளவாக இருக்கும்.

அச்சில் இல்லாத புத்தகம் என்றால் நடைபாதைதான். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனதைப் பெரியவர்கள் இன்னும் வருத்தத்தோடு சொல்வார்கள். எனக்கு வாய்த்தது திருவல்லிக்கேணி பாரதி சாலை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கைடுகளையும் இன்ஜினீயரிங் புத்தகங்களையும் விலக்கிக்கொண்டே போனால் அடியில் ஏதாவது அகப்படும். ஒருமுறை மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது. கெட்டி அட்டை, நூல் தையல், உள்ளே யாரோ பேனாவால் எழுதிய பெயர்.

“எவ்வளவு அண்ணே?”

“முந்நூறு குடுங்க சார்.”

“பின்னாடி போட்டிருக்கிற விலையைப் பாருங்கண்ணே.”

“அது அப்போ சார். ரஷ்யாக்காரன் இனிமே தமிழ்ல அடிச்சு அனுப்பவா போறான்?”

அவர் சொன்னது நியாயம். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்தே நின்றுவிட்டது. இருநூற்றுக்குப் பேசி முடித்தோம். பணம் கொடுப்பதற்கு முன் பக்க எண்களை ஓட்டிப் பார்த்தேன். பழைய புத்தகத்தில் கிழிசலை விட மோசமானது ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடித்த ஒரு கட்டுப் பக்கங்கள், விட்டுப்போயிருப்பது. பதினாறு பக்கம் சேர்ந்தாற்போல் இருக்காது, கதை நடுவில் அறுந்துவிடும். நான் பார்ப்பதைக் கவனித்தவர், “முழுசா இருக்கு சார், நானே பார்த்துட்டேன்” என்றார். முழுசாகத்தான் இருந்தது. அடுத்த தடவை போனபோது அதே பதிப்பகத்தின் இன்னொரு புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். இந்த மாதிரி ஆட்களிடம் ரொம்பவும் பேரம் பேச மனசு வராது.

இணையத்தில் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்ப்பேன்: பதிப்பகத்தின் பெயர், பக்க எண்ணிக்கை. நாட்டுடைமை நூலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் ஒரே நாவல் பல விலையில் இருக்கும். ரொம்பவும் மலிவாக இருந்தால் பொடி எழுத்தாகவோ சுருக்கிய பதிப்பாகவோ இருக்க வாய்ப்புண்டு. புதுப் புத்தகத்தைப் பெரிய தளங்களில் தேடுவதை விட்டுவிட்டேன். ஒரு தடவை கெட்டி அட்டைப் புத்தகத்தை வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பி, மூலையெல்லாம் நசுங்கி வந்தது. இப்போது பதிப்பகத்துக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். அட்டை வைத்துக் கட்டி அனுப்புகிறார்கள், கடைக்காரர் கழிவு போகாமல் பணமும் அவர்களுக்கே சேர்கிறது. புத்தகம் வருமுன்பே பணம் கட்டும் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் உடனே கட்டிவிடுவேன். பெரிய தொகுப்புகளுக்கு நல்ல சலுகை கிடைக்கும், பதிப்பாளருக்கும் அச்சுச் செலவுக்குக் கை கொடுத்த மாதிரி ஆகும்.

மாதச் சந்தா கட்டி மின்னூல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வருஷம் முழுக்கத் தேவையில்லை. நான் கட்டியபோது மாதம் 169 ரூபாய். படிக்க வேண்டியதைப் பட்டியல் போட்டுச் சேர்த்து வைத்து, ஒரு மாதம் கட்டி, படித்து முடித்து நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் இறக்கிய புத்தகங்களும் போய்விடும். அதனால் திரும்பத் திரும்பப் படிக்கக்கூடியதைக் காகிதத்தில்தான் வாங்குகிறேன்.

வாட்ஸாப்பில் சுற்றும் திருட்டு பிடிஎஃப் மட்டும் வேண்டாம். பிரபலமான பதிப்பகங்கள்கூட ஒரு தமிழ் நூலைச் சில நூறு பிரதிகள்தான் அடிக்கின்றன என்ற நிலையில், நாம் வாங்காமல் விடும் ஒவ்வொரு பிரதியும் அவர்களுக்குத் தெரியும். காசில்லையென்றால் நூலகம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை.

மிச்சம் பிடித்ததெல்லாம் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு. பத்து சதவீதத் தள்ளுபடி எல்லா அரங்கிலும் இருக்கிறது என்பதால் அந்தந்தப் பதிப்பகத்தின் சொந்த அரங்கில்தான் வாங்குவேன். வார நாளில் மதியம் போனால் நிதானமாகப் புரட்டலாம். சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் அரங்குகளை விட்டுவிடாதீர்கள். நல்ல மொழிபெயர்ப்புகள் இன்னும் கைக்கு அடக்கமான விலையில் அங்கே கிடைக்கின்றன.

அடுத்த மாதம் கோவை போகிறேன். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் இப்போது நாவல், சிறுகதை ஏதாவது தேறுமா, இல்லை பாடப் புத்தகம் மட்டும்தானா? சமீபத்தில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.