அழித்த ஃபைல் ஏன் திரும்பி வருகிறது? கோலாலம்பூர் – பினாங்கு சிங்க் அனுபவங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ்

பழைய நாளிதழ், கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ் என்று ஸ்கேன் செய்து, கோலாலம்பூரில் ஒரு பிரதி, பினாங்கில் ஒரு பிரதி வைத்து, இரண்டையும் ஒன்றுபோல வைத்திருக்க ‘சிங்க்’ செய்கிறவர்களுக்கான இழை இது. எந்த மென்பொருள் நல்லது என்ற சண்டை வேண்டாம். அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டு, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று எழுதுங்கள்.

நான் தொடங்குகிறேன். ஃபைல்களைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியை ‘புதியதை மட்டும் எடு’ என்று சொல்லி இங்கிருந்து அங்கே ஒருமுறை, அங்கிருந்து இங்கே ஒருமுறை ஓட்டுவதுதான் பலரும் முதலில் செய்வது. சேர்த்ததெல்லாம் இரு பக்கமும் வந்துவிடும். யாராவது எதையாவது அழிக்கும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பினாங்கில் அழித்தால் அடுத்த ஓட்டத்தில் கோலாலம்பூர், “உன்னிடம் இது இல்லையே, இந்தா” என்று திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆர்சிங்க் மேல் குற்றமில்லை. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கரசும் அதை வெளியிட்டது ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் போல ஆக்குவதற்கு. ஒரு ஃபைல் இங்கே இல்லை என்றால் அது இன்னும் வந்து சேரவில்லையா, வந்த பிறகு அழிக்கப்பட்டதா? இரண்டு பக்கத்தின் இன்றைய பட்டியலை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. கடைசியாக இரண்டும் ஒத்துப்போன நேரத்தில் என்ன இருந்தது என்ற மூன்றாவது பட்டியல் வேண்டும். யூனிசன் என்ற இருவழி சிங்க் கருவி அதைத்தான் இரு பக்கமும் எழுதி வைத்துக்கொள்கிறது. இருவழி வேண்டுமென்றால் அப்படி நினைவு உள்ள கருவியைத் தேடுங்கள், அல்லது ஒருவழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ்

அதோடு ஒன்று. இரண்டுக்கு மேல் இடங்கள் இருந்தால் ‘இது அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பே ஒரு ஃபைலைப் போல ஊர் சுற்ற வேண்டும். அந்தக் குறிப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில்தான் சிக்கல். கசாண்ட்ரா தரவுத்தளத்தில் வழக்கமான கெடு 864,000 விநாடி, அதாவது 10 நாள். 10 நாளுக்கு மேல் தொடர்பில்லாமல் கிடந்த ஒரு கணினி திரும்பி வந்தால், குறிப்பு ஏற்கெனவே துடைக்கப்பட்டிருக்கும். பழைய ஃபைல்கள் புதுசு போல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபைல் சிங்க்குக்கும் அதே கணக்குதான். யாராவது மடிக்கணினியை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் தமிழ்நாட்டுக்குப் போவார் என்றால் 10 நாள் கெடு எதற்கும் ஆகாது. 180 நாள் வையுங்கள், ஒரு குறிப்புக்குச் சில நூறு பைட்தான் ஆகும். கெடுவைத் தாண்டி வந்த கணினியைச் சேர்த்து இணைக்காதீர்கள். அதில் மட்டும் இருக்கும் புது ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் காலியாக்கி முதலிலிருந்து ஏற்றுங்கள்.

ஒருவழி வைத்து, மூலத்தில் இல்லாததை அழிக்கச் சொல்லும் ‘டெலீட்’ விருப்பத்தைப் போடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து. மின்சாரம் போய் வந்தபின் வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது கணினியோடு இணையாமல் இருக்கும். ஆனால் அதற்கான காலி ஃபோல்டர் அங்கேயே இருக்கும். ஆர்சிங்க் அதைப் பார்த்து, “மூலத்தில் ஒன்றுமே இல்லை” என்று முடிவு கட்டி மறு பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். டிஸ்க்குக்குள் ஓர் அடையாள ஃபைல் வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அழிப்புக்கு வரம்பு வைக்கும் ‘மேக்ஸ் டெலீட்’ எண் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். 500 என்று கொடுத்தால் 500 ஃபைலை அழித்துவிட்டுத்தான் அது நிற்கும், அப்புறம்தான் 25 என்ற பிழை எண்ணைக் காட்டும். அதனால் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் ‘டிரை ரன்’ ஓட்டி, அழியப்போவதை எண்ணி, வரம்பு தாண்டினால் ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். அழிவதையும் தேதியிட்ட ‘பேக்கப் டிர்’ ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள்.

செந்தூல்

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. வெளிநாட்டுக் கையேடுகளில் இது வராது. நம் ஆட்களுக்குத்தான் வரும்.

‘கோயில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கோ’வில் உள்ள ஓகார உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் ‘கோயில்’ 6 குறி, 18 பைட். இரண்டாவதில் 7 குறி, 21 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வெவ்வேறு ஃபைல். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. பழைய மேக் டிஸ்க்கின் எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயரைத் தானே பிரித்து எழுதிக்கொள்ளும். அந்த டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினால், ஒரே ஃபோல்டரில் ‘கோயில் மலர்’ இரண்டு நிற்கும். டெலீட் போட்டிருந்தால் ஒன்றை அழித்து இன்னொன்றை மறுபடி அனுப்பும். ஒவ்வோர் இரவும் முழு ஃபோல்டரும் புதிதாகப் போய்க்கொண்டிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மருந்து: ஃபைல் பெயரின் குறிமுறையை மாற்றும் கன்வ்எம்வி கருவியில் மூலமும் இலக்கும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது முதலில் பட்டியல் மட்டும் காட்டும். ‘நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். ஆர்சிங்க்கில் ‘ஐகான்வ்’ விருப்பத்தில் மேக் பக்கத்துக்கு யூடிஎஃப்-8-மேக் என்று கொடுத்தால் போகிற வழியிலேயே சரியாகிவிடும்.

நீளமும் கவனம். லினக்ஸ் டிஸ்க் அமைப்பான ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், ஆக 85 குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறி வரை விடும். மலரின் முழுத் தலைப்பையும் ஆண்டையும் கோயிலின் ஊரையும் சேர்த்துப் பெயர் வைத்தால் விண்டோஸில் இருக்கும், லினக்ஸில் ஏறாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்

செந்தூல் சார், இந்த என்எஃப்சி ஓட்டிய பிறகும் ‘ஸ்ரீ’ வரும் கோயில் பெயர்கள் இரட்டையாக நிற்கின்றனவே?

செந்தூல்

நிற்கத்தான் செய்யும். ஸ-வில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை, ஆகவே என்எஃப்சி தொடாது. ‘பௌர்ணமி’யை ஔகாரக் குறி போடாமல் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் வைத்துத் தட்டுவதும் அப்படியே. இதற்குத் தானியங்கி வழி வேண்டாம் என்பேன், ‘வெள்ளி’யில் வரும் ‘ள’வையும் அது கடித்துவைக்கும். வரிசை எண்ணையே ஃபைல் பெயராக வைத்து, தமிழ்த் தலைப்பை அட்டவணையில் வையுங்கள். அழகில்லைதான், ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

பட்டர்வொர்த்

முதல் ஏற்றத்துக்கு ஒரு கணக்கு. ஏ2 அளவுப் பக்கத்தை 400 டிபிஐயில் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத டிஃப் ஃபைல் 62 எம்பி. 20,000 பக்கம் 1.24 டிபி. பதிவேற்ற வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் இடைவிடாமல் 55 மணி நேரம். டிஸ்க்கில் ஏற்றி பஸ்ஸில் அனுப்பினால் அன்று சாயங்காலமே கோலாலம்பூர். முதல் பிரதியை டிஸ்க்கில் அனுப்பி, மாற்றங்களை மட்டும் லைனில் விடுங்கள்.

அந்த டிஸ்க் ஃபேட்32ஆக இருக்கக் கூடாது. அது நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில், உள்ளூர் நேரமாகச் சேமிக்கும். சென்னை நேரம் வைத்த மடிக்கணினியில் செருகினால் எல்லா ஃபைலும் இரண்டரை மணி நேரம் தள்ளித் தெரியும். எல்லாமே ‘மாறிவிட்டது’ என்று மறுபடி கிளம்பும்.

ஃபோல்டர் பெயரை மாற்றுவதற்கும் முன்னால் யோசியுங்கள். ஆர்சிங்க்குக்கு அது பழையதை அழித்துப் புதியதை அனுப்பும் வேலை. இரு பக்கமும் கையால் ஒரே நேரத்தில் பெயரை மாற்றிவிட்டு ஓட்டினால் ஃபைல் எதுவும் மறுபடி போகாது.

சைபர்ஜெயா

கெட்டுப்போன ஃபைலும் சிங்க் ஆகும் என்பதை மறக்கிறார்கள். ஆர்சிங்க் வழக்கமாகப் பார்ப்பது அளவும் நேரமும் மட்டும். டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டால் இரண்டும் மாறாது, அது கண்டுகொள்ளாது. சரி, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் ‘செக்சம்’ விருப்பம் போடலாம் என்றால் இன்னும் மோசம். கெட்டது மூலப் பக்கமாக இருந்தால் அது வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, மறு பக்கத்தில் இருக்கும் நல்ல பிரதியின் மேல் கெட்டதை எழுதிவைக்கும்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த அன்றே ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் ஃபைலில் எழுதுங்கள். ஃபைல்களை இப்படிப் பட்டியலோடு பொதியும் பேக்இட் முறையே இதற்காக இருக்கிறது, விவரம் ஆர்எஃப்சி 8493 ஆவணத்தில். மாதம் ஒருமுறை இரு பக்கமும் தனித்தனியாகத் தன் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் தேறிய பிறகுதான் சிங்க். 1.24 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படிக்க ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம், ஞாயிறு அதிகாலையில் விட்டால் முடிந்துவிடும்.

பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போகும் ஊர் இது. ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுவதால் பாதி ஃபைல் சரியான பெயரில் நிற்காது. பழைய ஃபைலின் மேலேயே நேராக எழுதும் ‘இன்பிளேஸ்’ போட்டால் அந்தக் காவல் போய்விடும். பெயர் மாறியும் தரவு இன்னும் டிஸ்க்கில் இறங்காமல் இருக்கலாம், ஆர்சிங்க் 3.2.4 பதிப்பிலிருந்து ‘எஃப்சிங்க்’ விருப்பம் உண்டு, போடுங்கள். வேகம் குறையும்.

அட்டவணை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இருந்தால், அதை ஓடும்போதே சிங்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள். எழுதும் நடுவில் பிரதி எடுத்தால் மறு பக்கம் திறக்காது. ‘வேக்கூம் இன்டூ’ கட்டளையால் தனிப் பிரதி எடுத்து அதை மட்டும் அனுப்புங்கள்.

பாயான் லெப்பாஸ்

கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானே ஓடும்படி போடுகிறவர்கள், ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் விடும் எஃப்லாக் பூட்டைச் சேர்த்துவிடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்து, ஒரு ஓட்டம் 40 நிமிடம் எடுத்தால் நான்கு ஆர்சிங்க் ஒரே ஃபோல்டரில் முட்டிக்கொள்ளும். பூட்டு கிடைக்காத ஓட்டம் சத்தமில்லாமல் விலகாமல் பதிவில் ஒரு வரி எழுதட்டும். இல்லாவிட்டால் மூன்று வாரமாகச் சிங்க் நின்றுபோயிருந்தாலும் யாருக்கும் தெரியாது.