ஞானப்பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டுமா?

வயது 29, ஊர் மதுரை. வலது கீழ்த்தாடையில் கடைசிப் பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது, மீதியை ஈறு மூடியிருக்கிறது. அந்த மடிப்புக்குள் சோறோ முறுக்குத் துணுக்கோ மாட்டினால் போச்சு, வீங்கி, வலி காது வரைக்கும் ஏறிவிடும். 6 மாதத்தில் இது மூன்றாவது தடவை. இந்த முறை வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியாமல் இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் உள்ளே தள்ளினேன்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், கொஞ்சம் கேட்கிறது. கிராம்பு எண்ணெய் அரை மணி நேரம்தான், அப்புறம் பழைய கதை. டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை 5 நாள் சாப்பிட்டதும் வீக்கம் வடிந்தது. ஒவ்வொரு தடவையும் வடியத்தான் செய்கிறது, திரும்ப வருவதுதான் பிரச்சினை.

ஓபிஜி எக்ஸ்ரேயில் (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டுவது) பல் முன்பக்கம் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருக்கிறது, வேர் தாடை நரம்புக்கு ரொம்பப் பக்கத்தில். பக்கத்துப் பல்லில் சொத்தை இல்லை. முதலில் பார்த்த டாக்டர் ஈறு மடிப்பை மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்கிறார். அடுத்துப் பார்த்த அறுவை நிபுணரோ, மடிப்பு மறுபடி வளரலாம், சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது) பார்த்துவிட்டுப் பல்லையே எடுப்பது நல்லது, ஆனால் நரம்பு பக்கத்தில் இருப்பதால் கீழுதடு மரத்துப்போகச் சின்ன வாய்ப்பு இருக்கிறது என்கிறார். அதைக் கேட்டதிலிருந்துதான் தயக்கம்.

இதே நிலைமையில் ஈறு மடிப்பை மட்டும் வெட்டி அதோடு தொல்லை தீர்ந்தவர்கள் இருக்கிறீர்களா, இல்லை கடைசியில் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்ததா?