360 ரேடியேட்டரா, காற்றுக் கூலரா? கேஎல் வெயிலில் ஓவர்கிளாக்

செந்தூல்_மாடி:
வணக்கம் அண்ணன்மார்களே. இப்போது என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 சிப் போட்ட கம்ப்யூட்டர். அதை மாற்றிவிட்டு ஓவர்கிளாக் (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது) செய்யத் தோதான மெஷின் ஒன்று போடப் போகிறேன். பகலில் பிளெண்டரில் ரெண்டர் (3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது), ராத்திரியில் கேம். பட்டியலில் இரண்டு சிப்: கோர் ஐ7-14700கே, ரைசன் 7 9800எக்ஸ்3டி. 300 வாட் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அறை மேல்மாடி, கூரைச் சூடு நேரே இறங்கும். பகலில் 33, 34 டிகிரி. ஏர்கோன் ராத்திரி மட்டும்தான். கோலாலம்பூர் லோயாட் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால், 360 லிக்குவிட் கூலர் (360 மி.மீ. ரேடியேட்டர் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிடுவது) இல்லாமல் ஓவர்கிளாக் பேச்சையே எடுக்காதே என்கிறார்கள். இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரோ (இரண்டு உலோகத் தகட்டு அடுக்கும் ஃபேனும்) அதில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. எதை வாங்குவது?

பாயான்_லெப்பாஸ்:
தம்பி, காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. 22 டிகிரி அறையில் 75 காட்டும் சிப், உன் 34 டிகிரி அறையில் ஏறக்குறைய 87 காட்டும். ரிவியூ வீடியோ பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

உன் முதல் ஆயுதம் வோல்டேஜ். மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். அதே வேகத்தில் வோல்டேஜை 10 சதவீதம் இறக்கினால் சக்தி 19 சதவீதம் வரை இறங்கும். காசு செலவில்லாத குளிர்ச்சி இது. 9800எக்ஸ்3டி வாங்கு, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) கர்வ் ஆப்டிமைசரைத் திற, வோல்டேஜை இறக்கும் இடம் அதுதான்; மைனஸ் 15-இல் தொடங்கு. அந்தச் சிப்பின் உச்ச வரம்பே 162 வாட். நல்ல இரட்டைக் கோபுரம் அதைத் தாங்கும். மிச்சக் காசில் காற்றோட்டமான கேஸ் வாங்கு.

கெப்போங்_ரிக்:
வோல்டேஜ் பற்றிச் சொன்னது சரி. மற்றதை ஏற்க முடியாது.

காற்றுக் கூலர் எந்தக் காற்றை இழுக்கிறது? அறைக் காற்றை அல்ல, கேஸுக்குள் இருக்கும் காற்றை. அவர் கார்டு 300 வாட்டையும் அங்கேதான் கொட்டுகிறது. அறை 34 என்றால் கூலருக்குப் போகும் காற்று 42, 43 வரை ஏறிவிடும். ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் அறைக் காற்று நேரே கிடைக்கும். நம் ஊர் வெயிலில் அந்த எட்டு டிகிரியை யாராவது சும்மா விடுவார்களா?

இரண்டாவது, ரெண்டர். இரண்டு மணி நேரம் எல்லாக் கோரும் (சிப்புக்குள் கணக்குப் போடும் பிரிவுகள்) நூறு சதவீதத்தில் ஓடும்போது பரப்பளவுதான் பேசும். ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். பக்கத்து அறையில் அம்மா தூங்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

பாயான்_லெப்பாஸ்:
முன்பக்கம் மாட்டினால் சிப்பின் சூடு முழுவதும் கார்டின் மூஞ்சியில் அடிக்கும். மேலே மாட்டினால் நீங்கள் சொன்ன கேஸ் காற்றுதான் ரேடியேட்டருக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் ஓரிடத்தில் விலை கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. 9800எக்ஸ்3டியில் சூடு கிளம்பும் சிலிக்கன் துண்டு மிகச் சிறியது. தடித்த உலோக மூடியைத் தாண்டி வெளியே வருவதிலேயே வெப்பம் திணறுகிறது. மேலே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அந்த இடுக்கு அகலமாகாது. 2024 நவம்பரில் வந்த இந்த மாடலில் கேஷை (சிப்பிலேயே இருக்கும் வேக நினைவகம்) கோருக்குக் கீழே மாற்றியதே இதற்காகத்தான். முந்தைய 7800எக்ஸ்3டியில் அது மேலே உட்கார்ந்து சூட்டை மறித்தது. கேமில் இது 100 வாட்டைத் தாண்டுவதே அரிது.

கெப்போங்_ரிக்:
கேமுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகல் முழுக்க ரெண்டர் செய்கிறவருக்கு ஏன் எட்டுக் கோர்? 14700கேயில் இருபது கோர், 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). ரெண்டரில் அது முன்னால் ஓடும். அதற்கு 253 வாட் கேட்கும். அதைக் காற்றில் அடக்கிக் காட்டுங்கள், பார்ப்போம்.

ஈயப்_பற்று:
நடுவில் நுழைகிறேன். மெஷின் பழுது பார்ப்பது என் தொழில்.

14700கே எடுப்பதாக இருந்தால் பெட்டியோடு எடுங்கள், வாரண்டி தேவைப்படும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு சிப்புக்குப் போகும் திருத்தம்) வந்தது, வாரண்டியும் இரண்டு வருஷம் கூடியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்த அப்டேட் மீட்காது. புதுச் சிப் மாட்டியவுடன் பயாஸ் அப்டேட், அப்புறம்தான் விண்டோஸ். வோல்டேஜை ஏற்றி ஓவர்கிளாக் செய்ய நான் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் சிப் இது. அந்த சாக்கெட்டிலும் (மதர்போர்டில் சிப் உட்காரும் இடம்) அடுத்த தலைமுறை கிடையாது. 9800எக்ஸ்3டி உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கோ 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

லிக்குவிட் பக்கம் யாரும் சொல்லாத ஒன்று: பம்ப். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி பம்பில் வந்து நிற்கும். கடகடவென்று சத்தம் போடும் மெஷினைத் திறந்தால் பல நேரம் ரேடியேட்டரைக் கேஸின் அடியில் மாட்டியிருப்பார்கள். காற்றுக் கூலரில் கெடுவது ஃபேன் ஒன்றுதான், அதைக் கழற்றி மாற்றிவிடலாம். பம்ப் போனால் மொத்தமும் போச்சு.

ரவாங்_ரெண்டர்:
மீன் தொட்டிக்குப் போடும் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஒன்றைக் கூலரின் தண்ணீர் ஓடும் குழாய்ச் சுற்றில் கோத்து, தண்ணீரை 15 டிகிரிக்கு இறக்கினால் இந்தச் சண்டையே வேண்டாமே?

ஈயப்_பற்று:
வேண்டாம், தயவுசெய்து. கேஎல் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சாதாரணமாகவே 24 டிகிரி பக்கம். அதற்குக் கீழே போன குழாயும், சிப்பின் மேல் உட்காரும் பிளாக்கும், மேசையில் வைத்த தே ஓ ஐஸ் கிளாஸ் மாதிரி வியர்க்கும். அந்தத் தண்ணீர் சொட்டுவது மதர்போர்டின் மேல்.

கெப்போங்_ரிக்:
சில்லர் விஷயத்தில் எனக்கும் இதே கருத்துதான். 14700கேயையும் விடுகிறேன், அந்த வாரண்டிக் கதை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு கோர் ரைசன் 9 9900எக்ஸ் இருக்கிறதே! அதே 162 வாட் வரம்பு, ரெண்டரில் எட்டுக் கோரை முந்திவிடும். வரம்பைத் திறந்து ஓவர்கிளாக் செய்யப் போகிறார் என்றால் அது 200-ஐத் தாண்டும். அப்போது 360 வேண்டும். இதிலிருந்து நான் இறங்க மாட்டேன்.

செந்தூல்_மாடி:
வருமானம் ரெண்டரிலிருந்துதான் வருகிறது. அதனால் 9900எக்ஸ் மனசுக்கு நெருக்கமாகப் படுகிறது. முதலில் வரம்பைத் திறக்காமல் காற்றுக் கூலரில் தொடங்கலாமா? ராம் நான்கு குச்சி போடலாமா?

பாயான்_லெப்பாஸ்:
தாராளமாகத் தொடங்கு. 360 மேலே ஏறும் இடமுள்ள கேஸாகப் பார், வேண்டுமென்றால் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலைதான். கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் வேண்டும்; புகைமூட்டக் காலத்தில் அது எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்று உனக்கே தெரியும்.

ராம் இரண்டே குச்சி, 32 ஜிபி வீதம், டிடிஆர்5-6000 சிஎல்30 (வேகம் 6000, தாமத எண் 30). நான்கு போட்டால் இந்த போர்டுகளில் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு விழுந்துவிடும்.

கர்வ் ஆப்டிமைசர் வைத்தபின் சினிபெஞ்ச் என்ற முழுச்சுமைச் சோதனை ஓடிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதே. வோல்டேஜ் குறைந்த சிப் பெரும்பாலும் முழுச் சுமையில் விழாது. சுமை குறைவாக இருந்து ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் நேரத்தில்தான் விழும், சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போதுகூட. ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை ராத்திரி முழுக்க ஓடவிடு. தவறு காட்டும் கோரை மட்டும் ஐந்து படி மேலே, அதாவது மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 10-க்கு ஏற்று. அப்புறம் மத்தியானம், ஏர்கோன் இல்லாமல், கதவைச் சாத்திவிட்டு ஒரு நீண்ட ரெண்டர். அதில் 95 டிகிரியைத் தொட்டு வேகம் இறங்கினால் எண்களை இங்கே போடு.

கெப்போங்_ரிக்:
அந்த எண்களுக்காகக் காத்திருக்கிறேன். அப்போது ரேடியேட்டர் வாங்க லோயாட்டுக்கு நானே கூட வருகிறேன்.